ஹை-ஹாட்டும் தையல் மெஷினும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் பெங்களூர் அல்சூர்க்காரன். வேலை ஒயிட்ஃபீல்டில், சனிக்கிழமையானால் டிரம்ஸ். 2007இல் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் ராக் குழு வந்தபோது வரிசையில் நிற்கும்போது பழக்கமான ஒருவன்தான் எங்கள் பேண்டின் கிட்டாரிஸ்ட். போன வருடம் விலகிப்போனான். இப்போது தனியாக ஆல்பம் போட்டிருக்கிறான். ஒன்பது பாட்டு, எல்லாம் தமிழ் ராக். “கேட்டுட்டு நாலு வரி எழுதுடா, ஃபேஸ்புக்ல போட்டுக்கறேன்” என்கிறான்.

கேட்டேன். டிரம்ஸ் முழுக்க லேப்டாப், ஆள் வாசித்ததில்லை. நாலாவது பாட்டில் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. ஸ்னேர் டிரம்மில் உயிரே இல்லை. வரிகளுக்கு நடுவில் அடிக்கும் ஃபில் எல்லாம் ஒரே அச்சு. ஏழாவது பாட்டு மட்டும் பரவாயில்லை, அதில் வெறும் கிட்டாரும் குரலும்தான். உள்ளதை எழுதினால் நட்பு போய்விடும், பொய் எழுத மனசு வரவில்லை. ஒரு கலைஞன் சக கலைஞனைப் பற்றி நேர்மையாகப் பேசவே முடியாதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒன்பது பாட்டு என்கிறீர்கள். வரிகள் எப்படி, மெட்டு எப்படி, அவர் குரல் தாங்குகிறதா, ஒன்றும் இல்லை. ஹை-ஹாட், ஸ்னேர், ஃபில். உங்கள் ஸ்டூலில் ஒரு லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1968 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் மனம் கசந்து குழுவை விட்டுச் சில நாள் போய்விட்டார். அவர் இல்லாத நேரத்தில் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி டிரம்ஸில் உட்கார்ந்து வேலையை நடத்தினார். ரிங்கோ திரும்பி வந்தபோது டிரம்ஸைச் சுற்றிப் பூ வைத்து அலங்கரித்திருந்தார்களாம். 1970இல் பால் தன் பெயரிலேயே முதல் தனி ஆல்பம் போட்டார். எல்லா வாத்தியமும் அவரே, டிரம்ஸ் உட்பட. வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி குழுவின் மற்ற இருவரான ஜானும் ஜார்ஜும் எழுதிய கடிதத்தை பால் வீட்டுக்குக் கொண்டுபோனவர் ரிங்கோ. பால் கத்தித் தீர்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போ என்றார். ரிங்கோ திரும்பிப் போய் மற்றவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? அந்தத் தேதி பாலுக்கு அவ்வளவு முக்கியமாக இருக்கிறது, விட்டுவிடலாம் என்று.

அந்த மனிதர்தான் அடுத்த வருடம், 1971இல், பாலின் ‘ராம்’ ஆல்பத்தில் ஒரு பாட்டுகூடத் தேறாது என்ற பொருளில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அதில் டிரம்ஸ் வாசித்தவர் நியூயார்க்கில் வாசித்துக்கொண்டிருந்த டென்னி சைவெல். ரிங்கோ பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காதில் அன்று அப்படித்தான் விழுந்திருக்கும். ஆனால் ‘ராம்’ நல்ல ஆல்பம். இன்று பாலின் சிறந்த வேலைகளில் ஒன்றாகப் பலர் அதைச் சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. 1973இல் ரிங்கோ தன் ஆல்பத்தைச் செய்தபோது பாலும் மனைவி லிண்டாவும் அவருக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். பால் வந்து வாசிக்கவும் செய்தார்.

உங்கள் நண்பர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். பெங்களூர் ஃபிளாட்டில் கிட்டாரை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பதிவு செய்துவிடலாம். டிரம்ஸை எங்கே வைப்பது? காலால் மிதிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, டாம் டிரம்களுக்குத் தனித்தனியாக, தலைக்கு மேல் இரண்டு என்று ஏழெட்டு மைக் வேண்டும். நல்ல அறை வேண்டும், ஸ்டூடியோவென்றால் மணிக்கணக்கில் வாடகை. வீட்டில் ஒரு தரம் கிக்கை மிதித்தால் போதும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொள்ளும். லேப்டாப் அடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். கால்வாசி வேறு ஏதாவது இருக்கலாம். உங்களை உறுத்துவது அந்தக் கால்வாசி என்று நினைக்கிறேன்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் நாவலில் என்னைப் போலவே மூக்கைச் சொறிந்துகொண்டு பேசும் ஒரு பாத்திரம் வரும். நாவலின் நடை சரியில்லை என்று மூன்று பக்கம் எழுதினேன். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் படித்துவிட்டு, “மூக்கு கோபமா?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் நடையைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அவர் சிரிக்கிறார். நடை உண்மையிலேயே சுமார்தான், அது வேறு விஷயம்.

ஹை-ஹாட் தையல் மெஷின் மாதிரி இருக்கிறது என்பதும் உண்மையாகவே இருக்கும். ஒவ்வொரு தட்டும் ஒரே பலத்தில் விழுந்தால் அப்படித்தான் கேட்கும், அதைக் கண்டுபிடிக்க டிரம்மர் காதுதான் வேண்டும். ஆனால் அது ஃபேஸ்புக்கில் போட வேண்டிய விஷயமா? ஏழாவது பாட்டை ‘பரவாயில்லை’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆல்பத்தில் உங்களைத் தடுக்காத ஒரே பாட்டு அது. அது ஏன் பிடித்தது என்று யோசித்தாலே அவர் கேட்ட நாலு வரி வந்துவிடும். பொய்யும் எழுத வேண்டாம்.

மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பக்கம் எங்காவது ஒரு ஒன்-பை-டூ காபி சொல்லிவிட்டு, “ஏண்டா என்னைக் கூப்பிடல?” என்று கேளுங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கேள்வியை மட்டும் காணோம்.

அன்புடன்