சொந்தக் கட்சியைத் திட்டிக்கொண்டே அதற்கே வாக்களிப்பவர்கள்

தம்பி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டுக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: முப்பது ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வரும் உங்கள் மேலாளர், மதிய உணவு வேளையில் எதிர்க்கட்சியை விடத் தம் கட்சித் தலைவர்களையே அதிகமாகத் திட்டுகிறார், ஆனால் அடுத்த தேர்தலிலும் என் வாக்கு அவர்களுக்குத்தான் என்றும் சொல்கிறார். இவ்வளவு கோபம் உள்ளவர்கள் ஏன் வெளியேறுவதில்லை, நடுநடுவே வெளிநாட்டு வல்லுநர்கள் இங்கே வேலை செய்வதற்கான எச்-1பி விசாவைப் பற்றியும் பேச்சு வருகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

நம் ஊர்க் கட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்காது. அங்கே உறுப்பினர் அட்டை உண்டு, கிளைச் செயலாளர் முதல் மாவட்டச் செயலாளர் வரை படிக்கட்டு உண்டு; விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய்விட்டு, தலைமை வெளியிடும் பட்டியலில் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டும். சீட் கிடைக்காதவர் சுயேச்சையாக நின்றால் கட்சியிலிருந்து நீக்கப்படுவார். இங்கே சாதாரண வாக்காளரை நீக்குவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. வர்ஜீனியாவின் வாக்காளர் பட்டியலில் நீங்கள் எந்தக் கட்சிக்காரர் என்ற குறிப்பே கிடையாது. வேட்பாளரைத் தேர்வு செய்வதற்காக வழக்கமாக ஜூன் மாதத்தில் நடக்கும் பிரைமரி தேர்தலில், பதிவு பெற்ற எந்த வாக்காளரும் இரண்டில் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேட்பாளரை நியமித்தது நான்தான் என்ற எண்ணம் இதனால் வாக்காளருக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. வாடகைக்கு இருப்பவன் வீடு பிடிக்காவிட்டால் காலி செய்வான், சொந்த வீட்டுக்காரன் கொத்தனாரோடு சண்டை போடுவான். உங்கள் மேலாளர் போடுவது இரண்டாவது வகைச் சண்டை.

அந்தச் சண்டையின் மிகப் பெரிய நிகழ்வு நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே நடந்தது. ரிச்மண்டின் புறநகர்கள் அன்றைக்கு 7ஆம் தொகுதியில் இருந்தன. அதன் உறுப்பினரான எரிக் கேன்டர் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் தலைவர்; சபாநாயகருக்கு அடுத்த இடம், அடுத்த சபாநாயகரே அவர்தான் என்ற பேச்சும் இருந்தது. 2014 ஜூன் 10 அன்று நடந்த பிரைமரியில், ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியரான டேவிட் பிராட் என்பவரிடம் அவர் பதினொரு சதவீத வித்தியாசத்தில் தோற்றார். கேன்டர் தரப்பு 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது; பிராட்டின் செலவு சுமார் 2 லட்சம். அந்தப் பதவி 1899இல் உருவானதிலிருந்து, அதில் இருக்கும் ஒருவர் பிரைமரியில் தோற்றது அதுவே முதல் முறை.

கோபத்தின் வேர் அதற்கும் முன்னே போகிறது. 2008 அக்டோபரில், குடியரசுக் கட்சியின் அதிபரான ஜார்ஜ் புஷ்ஷே வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் திட்டத்தில் கையெழுத்திட்டார்; கேன்டரும் அதை ஆதரித்து வாக்களித்தார். அரசு செலவைக் குறைக்க வேண்டும் என்று காலமெல்லாம் மேடையில் பேசியவர்களே இதைச் செய்துவிட்டார்கள் என்ற மனக்கசப்பிலிருந்துதான் 2009இல் டீ பார்ட்டி இயக்கம் கிளம்பியது. ஆனால் கொள்கைக் கோபத்தை விட, தாங்கள் அவமதிக்கப்பட்டதாகத் தொண்டர்கள் உணர்ந்ததே அதிகம் உறைத்தது என்பது என் கணிப்பு. இங்கே ஸ்லேட்டிங் என்று ஒரு முறை உண்டு. கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்க் கூட்டத்தில், பெரும்பான்மை வைத்திருக்கும் தரப்பு தன் ஆட்களின் பெயர்கள் மட்டும் அடங்கிய பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால், முறையாக விண்ணப்பித்து வந்திருந்த மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 2014இன் தொடக்கத்தில் கேன்டரின் ஆதரவாளர்கள் சில இடங்களில் இதைக் கையாண்டார்கள். விளைவு, மே மாதம் ரிச்மண்டை ஒட்டிய ஹென்ரைகோவில் கூடிய தொகுதி மாநாட்டில் கேன்டர் பேசும்போதே கூச்சல் எழுந்தது. தொகுதித் தலைவராக இருந்த அவருடைய ஆள் அந்தப் பதவியை இழந்தார். அடுத்த மாதம் நடக்கப் போவதற்கு அது முன்னறிவிப்பு; வாஷிங்டனில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பொறியாளர், பல ஆண்டுகள் வாக்குச்சாவடி வாசலில் நின்று மாதிரி வாக்குச்சீட்டு விநியோகித்தவர். கட்சியிலிருந்து அவருக்குக் கருத்துக் கணிப்பு என்ற பெயரில் கடிதங்கள் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும் என்பது போல அமைந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் 25, 50, 100 டாலர் என்று கட்டங்கள் இருக்கும். பெரியவர் தடித்த கறுப்புப் பேனாவால் குறுக்கே நான்கு வரி எழுதி, அவர்கள் அனுப்பிய உறையிலேயே போட்டுத் திருப்பி அனுப்புவார். அஞ்சல் கட்டணம் கட்சியின் தலையில் விழும் என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. நவம்பர் தேர்தலில் அவர் வாக்கு எங்கே போகும் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

மூன்றாவது கட்சிக்குப் போகலாமே என்றால், அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் முறையில் அதன் பலன் என்ன என்பதை வர்ஜீனியாக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2013 ஆளுநர் தேர்தலில் லிபர்டேரியன் என்ற மூன்றாவது கட்சியின் வேட்பாளர் ஆறு சதவீதத்துக்கு மேல் வாங்கினார். குடியரசுக் கட்சித் தொண்டர்களின் செல்லப்பிள்ளையான கென் கூச்சினெல்லி மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியிடம் தோற்றார். ஆகவே உள்ளே இருந்துகொண்டு வேட்பாளரை மாற்றுவதுதான் வழி என்று நினைக்கிறார்கள். அதற்காகத்தான், வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சிப் பிரதிநிதிகள் மட்டும் வாக்களிக்கும் மாநாட்டிலா, எல்லா வாக்காளரும் வாக்களிக்கலாம் என்ற பிரைமரியிலா என்ற கேள்வியில் இவ்வளவு ஆவேசம். எந்த முறை என்பதைப் பதவியில் இருப்பவரே முடிவு செய்யலாம் என்று இந்த மாநிலச் சட்டம் ஒன்று சொல்லியிருந்தது. அது செல்லாது என்று 2019இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் தொண்டர்களே எப்போதும் நியாயமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் 5ஆம் தொகுதியின் உறுப்பினரான டென்வர் ரிகிள்மன், காரை விட்டு இறங்காமலேயே வாக்களிக்கும் ஒரு மாநாட்டில் பாப் குட் என்பவரிடம் தோற்றார். அதே பாப் குட் 2023 அக்டோபரில் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியைப் பதவியிலிருந்து இறக்கிய எட்டுப் பேரில் ஒருவர். மேலிடத்தை எதிர்ப்பதற்கு அவரைவிட ஆள் வேண்டுமா? ஆனால் அதிபர் வேட்பாளர் போட்டியில் டிரம்ப்பை விட்டு அவருக்குப் போட்டியாக நின்ற டிசாண்டிஸை ஆதரித்தார் என்பதால், 2024 பிரைமரியில் டிரம்ப்பின் ஆதரவு பெற்ற ஜான் மெக்வையர் 400க்கும் குறைவான வாக்குகளில் அவரை வீழ்த்தினார். கேன்டரை வென்ற பிராட்டும் நிலைக்கவில்லை; 2018இல் ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பேன்பெர்கரிடம் தோற்றார். அந்த அம்மையார்தான் 2025இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எதிர்முகாமான ஜனநாயகக் கட்சியிலும் இதே கதைதான். 2016இல் சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டில் தம் விருப்பப்படி வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்கள் மீது, போட்டியில் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களுக்கு இருந்த கோபத்தால், அந்தப் பிரமுகர்கள் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாதபடி 2018இல் விதி மாறியது. 2025இல் நியூயார்க் மேயர் பிரைமரியில் முன்னாள் ஆளுநர் கியூமோவை மம்தானி தோற்கடித்ததையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இனி விசா. கேன்டருக்கு எதிராகப் பிராட் எடுத்த முக்கிய ஆயுதம் குடியேற்றம். பெரு நிறுவனங்களுக்கு மலிவான ஆட்கள் கிடைப்பதற்காகக் கட்சி மேல்மட்டம் நம்மை விற்கிறது என்பதே அவர் பேச்சின் சாரம். செனட்டில் 2013இல் 68க்கு 32 என்று நிறைவேறிய குடியேற்றச் சீர்திருத்த மசோதா, கேன்டர் தோற்ற பிறகு பிரதிநிதிகள் சபையில் எடுக்கப்படும் என்ற நம்பிக்கையையே இழந்தது. 2024 டிசம்பரில் எச்-1பியை ஆதரித்து மஸ்க்கும் விவேக் ராமசாமியும் பேசியபோது டிரம்ப்பின் அடிமட்ட ஆதரவாளர்கள் கொந்தளித்தார்கள். 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வந்தது. உங்கள் மேலாளரின் பேச்சு உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் அவர் கணக்குத் தீர்ப்பது தம் கட்சியின் நன்கொடையாளர்களோடுதான். ஆனால் அந்தக் கோபத்தின் விலையை நாமும் கொடுக்க நேரிடும் என்பதை மறுக்க மாட்டேன்.

நடைமுறையில் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். கிரீன் கார்டு வரும்வரை எந்தத் தேர்தலுக்கும், எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தராதீர்கள், நண்பர் விருந்து என்று அழைத்துச் சீட்டை நீட்டினாலும் சரி, சட்டம் தடுக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்காக டி.எம்.வி. என்ற மோட்டார் வாகனத் துறை அலுவலகத்துக்குப் போகும்போது வாக்காளர் பதிவு, குடியுரிமை பற்றிய கேள்விகள் வந்தால் நிதானமாகப் படித்து, குடிமகன் அல்ல என்றே குறியுங்கள். தவறாகக் குறித்தால் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகலாம். மற்றபடி, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று மேலாளரிடம் கேட்க வேண்டாம். வேட்பாளரை மாநாட்டில் தேர்ந்தெடுப்பது நல்லதா, பிரைமரியிலா என்று கேளுங்கள். அன்றைக்கு மதிய உணவு இடைவேளை போதாது.