381654729: வாசகர் கேள்விகள்

போன முறை எழுதிய 38,16,54,729 பலரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் இதில் ஒரே முறை வரும். இடப்பக்கமிருந்து முதல் இரண்டு இலக்கம் (38) 2ஆல் வகுபடும், முதல் மூன்று (381) 3ஆல், 3816 நான்கால். இப்படியே போய் முழு எண்ணும் 9ஆல் வகுபடும்.

கம்ப்யூட்டர் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? (கோத்தகிரி)

தாளும் பேனாவும் போதும். ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு எதுவும் உட்காராது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டை இலக்கங்கள். மிச்ச இடங்களில் 1, 3, 7, 9. மூன்றாம் இலக்கம் ஒற்றை என்பதால் நான்காவது 2 அல்லது 6 தான். 14, 38 எல்லாம் 4ஆல் வகுபடாதே. அப்புறம், நடு மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட வேண்டும். அதனால் நடுவில் 258 அல்லது 654. இதே போல 3, 8 விதிகளையும் போட்டுச் சலித்தால் பத்தே எண்கள் மிஞ்சும். அவற்றின் முதல் ஏழு இலக்கத்தை 7ஆல் வகுங்கள். ஒன்பது எண்கள் அங்கே விழுந்துவிடும்.

147258963 கூடச் சரியாக வருகிறதே? (கூடலூர்)

செல்போன் பொத்தான்களில் மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே, கடைசியில் கீழிருந்து மேலே. அழகான எண்தான். அந்தப் பத்தில் இதுவும் ஒன்று. ஆனால் 1472589ஐ 7ஆல் வகுத்தால் மீதி 6. ஏழைத் தாண்டிப் போய் 8, 9 மட்டும் சோதித்திருப்பீர்கள்!

மலை ரயில் பாதையில் 208 வளைவு, 16 குகை. 208 = 16 × 13. இதில் ஏதாவது ரகசியம் உண்டா? (குன்னூர்)

இல்லை. அதே பாதையின் 250 பாலங்களை நைசாக விட்டுவிட்டீர்கள். 250ஐ 16 வகுக்காது. நம் விளையாட்டிலும் 208 மூன்றாம் படியிலேயே சறுக்குகிறது. தொட்டபெட்டாவின் 2637 மீட்டரும் அப்படித்தான்: 263 மூன்றால் வகுபடாது.

புது வண்டிக்கு 3816 வாங்கினால் ராசியா? (கேத்தி)

நான்கால் வகுபடும். அதற்கு மேல் நான் பொறுப்பில்லை.

இலக்கங்கள் திரும்ப வரலாம், பூஜ்யமும் வரலாம் என்றால் எவ்வளவு நீளம் போகலாம்? (ஊட்டி, பத்தாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி அம்மா. 25 இலக்கம் வரை. அந்த நீளத்தில் இருப்பதும் ஒன்றே ஒன்று:

3608528850368400786036725

பத்து இலக்கம் வரை கவலையில்லை; அடுத்த இலக்கம் ஒன்றாவது எப்போதும் கிடைக்கும். அதற்குப் பிறகு வகுக்கும் எண் பெரிதாகிக்கொண்டே போகிறது, கையில் இருப்பதோ அதே பத்து இலக்கங்கள். கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்து 26ஆல் வகுத்துப் பார். மீதி 12 வரும். வகுபட வேண்டுமானால் பூஜ்யத்தின் இடத்தில் 14 வேண்டும். ஒற்றை இலக்கத்தில் 14க்கு எங்கே போவது?