வக்கீல் பதில்கள்: கோர்ட் எதுவரை போகலாம்?

கேள்வி: தமிழ்நாட்டு ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதலாம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நவம்பரில் அதே நீதிமன்றம், அப்படிக் கருத இடமில்லை என்கிறது. நீதிபதிகள் துணிந்து இறங்க வேண்டுமா, அடக்கி வாசிக்க வேண்டுமா?
(வாசகர், தென்காசி)

பதில்: நீங்கள் ஏப்ரல் கட்சி என்பது கேள்வியிலேயே தெரிகிறது. நானும் பாதி அந்தப் பக்கம்தான்.

துணிச்சல்காரர், அடக்கமானவர் என்று நீதிபதிகளுக்குப் பட்டம் கொடுப்பது பெரும்பாலும் கேஸில் ஜெயித்தவரும் தோற்றவரும் செய்கிற வேலை. நான் பார்ப்பது ஒன்றுதான்: கோர்ட் போய் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருந்ததா?

1997-இல் விசாகா வழக்கு வந்தபோது, பணியிடப் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டமே கிடையாது. நீதிமன்றம் விதிகளை எழுதியது. சட்டம் வரும்வரைதான் இவை என்றும் சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் 2013-இல்தான் சட்டம் போட்டது. அந்த 16 வருஷமும் பெண்களுக்கு இருந்த பிடிமானம் அந்த விதிகள்தான்.

நெடுஞ்சாலை மதுக்கடை வழக்கு நேர் எதிர். தமிழ்நாட்டிலிருந்தும் போன வழக்கு அது. 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன், குடித்துவிட்டு ஓட்டுபவனால் சாகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் 500 ஏன், 400 ஏன் இல்லை? சில மாதத்தில் 20,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு 220 மீட்டர் ஆனது. சண்டிகர் நிர்வாகம் நெடுஞ்சாலைகளைச் சாதாரணச் சாலைகள் என்று வகையையே மாற்றிவிட்டது. கேரளத்தில் ஒரு பார்க்காரர் வாசலில் சுற்றிச் சுற்றிப் பாதை கட்டி நடைதூரத்தை நீட்டினார்! இங்கே மூடிய டாஸ்மாக் கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழையப் பார்த்தன, பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. கலால் துறை செய்ய வேண்டிய வேலையைக் கையிலெடுத்தால் இந்த அலைச்சல்தான்.

சரி, ஆளுநர் விவகாரம். அந்த 10 மசோதாக்களும் அவர் திருப்பியனுப்பி, 2023 நவம்பரில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியவை. அப்படி வருவதற்கு ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 200-ஆவது பிரிவே சொல்கிறது. அதனால் அந்தப் பத்துக்கும் ஏப்ரல் அமர்வு செய்தது எனக்கு உறுத்தவில்லை. ஆனால் எல்லா ஆளுநர்களுக்கும், குடியரசுத் தலைவருக்கும்கூட, மாதக் கணக்கில் கெடு எழுதியது அதிகப்படி. அரசியல் சாசனத்தில் 'கூடிய விரைவில்' என்றுதான் இருக்கிறது. நவம்பரில் 5 நீதிபதிகள் கெடுவை எடுத்துவிட்டார்கள். காரணமில்லாமல் நீண்ட காலம் இழுத்தால் மட்டும், முடிவெடு என்று கோர்ட் சொல்லலாம். இனி மாநில அரசு ஒவ்வொரு தடவையும் தில்லிக்கு ஓட வேண்டும். சீனியர் வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: அடக்கி வாசித்துக் கெட்ட தீர்ப்பு உண்டா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: ஏன் இல்லை? அவசரநிலையில் விசாரணையின்றி உள்ளே போனவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்கலாம் என்று 9 உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 4-1 என்று கதவைச் சாத்தியது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. அடுத்த ஜனவரியில் பணியில் மூத்தவரான அவரைத் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதியவர், அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.