ஜெயிலில் பாடம் எடுப்பது பற்றிக் கேட்டீர்களே

கலிஃபோர்னியாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கோவையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆறு வருடம் கணக்கு எடுத்திருக்கிறீர்கள், இப்போது எச்-4-ல், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைக்கும் விசாவில், வீட்டில் இருக்கிறீர்கள். "அக்கா, நீங்கள் ஜெயிலில் பார்ட் டைமாகப் பாடம் எடுத்துக்கொண்டே டாக்டரேட்டும் படிக்கிறீர்களாமே, பயமாக இல்லையா, எனக்கும் ஒத்துவருமா?" என்று கேட்டிருந்தீர்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். பயம் பற்றிய கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எனக்குத் தூக்கம் போனது சம்பளத்தாலும் விசாவாலும்தான். கைதிகளால் ஒரு ராத்திரிகூடப் போனதில்லை.

ஆனாலும் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

முதல் நாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கலிஃபோர்னியா சிறை விதிகளில் 3304 என்று ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளே யாரையாவது பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டால், அவரை மீட்பதற்காகப் பேரம் பேச மாட்டோம் என்பது அதன் சாரம். வார்டனாக இருந்தாலும் சரி, வாத்தியாராக இருந்தாலும் சரி. அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன், அம்மாவிடம் சொல்லவில்லை. ஊரில் இன்று வரை "பொண்ணு அங்க கவர்மென்ட் காலேஜ்ல இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. என் சம்பளம் கம்யூனிட்டி காலேஜிலிருந்துதான், அதாவது இரண்டு வருடப் படிப்பு நடத்தும் அரசுக் கல்லூரியிலிருந்துதான், வருகிறது.

அப்புறம் உடுப்பு. நீல டெனிம் கூடாது, அது உள்ளே இருப்பவர்களின் உடை. காவலர் சீருடை பச்சை என்பதால் அந்தப் பச்சையும் கூடாது. போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். பை கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை. எங்கள் இடத்தில் ஸ்டேப்ளர் பின்னுக்குக்கூட அனுமதி கிடையாது, விடைத்தாள்களைத் தனித்தனித் தாளாகத்தான் தூக்கிக்கொண்டு அலைவேன். இடுப்பில் ஒரு அலாரம் மாட்டிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அதை ஒரே ஒரு முறைதான் அழுத்தியிருக்கிறேன். அதுவும் நாற்காலியின் கைப்பிடியில் பட்டு. எட்டுக் காவலர்கள் ஓடி வந்தார்கள், மாணவர்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. நான் நூறு முறை சாரி சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "பரவாயில்லை மேடம், க்விஸ்ஸைத் தள்ளிவைத்ததற்கு நன்றி" என்றார்.

வகுப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டே போவேன். நான் எடுப்பது புள்ளியியல். நிகழ்தகவு தொடங்கும்போது எந்த வாத்தியாரும் பகடையைத்தான் கையில் எடுப்பார். உள்ளே பகடைக்குத் தடை, சூதாட்டச் சாமான். முந்தின நாள் இரவு யோசித்தபோது பாட்டியோடு தாயம் ஆடியது நினைவுக்கு வந்தது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, நான்கைக் குலுக்கிப் போடுவோமே, அது. கொட்டையையும் உள்ளே விட மாட்டார்கள். சரி என்று காகிதத்தைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து, ஒரு பக்கம் பென்சிலால் கறுப்படித்து, ஆளுக்கு நான்கு கொடுத்தேன். இருபத்தெட்டுப் பேர், ஆளுக்கு இருபது வீச்சு, மொத்தம் 560. நான்கும் வெள்ளையாக விழ 16-ல் ஒரு வாய்ப்பு, அப்படியானால் 35 முறை வர வேண்டும். 39 வந்தது. பலகையில் எழுதியதும் வகுப்பே கைதட்டியது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் பாட்டியின் கொட்டையில் ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் தட்டை. அதற்கு எப்படிச் சரிபாதி என்று கணக்குப் போடுவீர்கள்?" கோவையிலும் சரி, இங்கே வெளியே இருக்கும் கேம்பஸிலும் சரி, யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. அடுத்த வாரம் முழுக்க அந்தக் கேள்விதான் பாடம்.

அவர்கள் வீட்டுப்பாடம் முடிக்காமல் வருவது அபூர்வம். எல்லாரும் மேதைகள் என்று அர்த்தமில்லை. பின்னத்தைக் கண்டாலே வியர்க்கிறவர்கள் பாதிப் பேர், பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே விட்டவர்கள் நிறைய. ஆனால் இந்த வகுப்பை அவர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். தாள் கிடைப்பது கஷ்டம் என்பதால் பழைய படிவத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதிக் கொண்டுவருவார்கள். இப்போது கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் வெளி இணையம் கிடையாது. கூகுளில் தேடிப் பார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்கவே கூடாது. பெயரைப் போட்டு இணையத்தில் தேடுவதும் வேண்டாம். ஒரே ஒரு முறை தேடினேன். அடுத்த வகுப்பில் அந்த மனிதரின் தாளைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனா நேராக ஓடவில்லை. அதோடு விட்டுவிட்டேன். உள்ளே எல்லாரையும் 'மிஸ்டர்' போட்டுக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவேன். ஒரு பேனாவைக்கூடப் பரிசாகக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. மனம் இளகி ஒரு கடிதத்தை வெளியே போஸ்ட் பண்ணித் தருகிறேன் என்றால் அன்றோடு உங்கள் வேலை முடிந்தது. நம் ஊர் பழக்கத்தில் மாணவர்களோடு ஒட்டிக்கொள்கிற ஆள் நீங்கள் என்றால், இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இந்த வகுப்புகள் எப்படி வந்தன என்பதும் தெரிந்திருக்கட்டும், நேர்முகத்தில் உதவும். வசதியில்லாத கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசு தருவது பெல் உதவித்தொகை. 1994-ல் வந்த குற்றச் சட்டம் அதைக் கைதிகளுக்கு நிறுத்தியது. நாடு முழுக்கச் சிறைக் கல்லூரிகள் மளமளவென்று மூடிக்கொண்டன. கலிஃபோர்னியாவில் 2014-ல் எஸ்.பி. 1391 என்ற சட்டம் வந்த பிறகுதான் கம்யூனிட்டி காலேஜ்கள் சிறைக்குள் நேரடி வகுப்பு நடத்தினால் அரசுப் பணம் கிடைக்கும் என்றானது. பெல் உதவித்தொகை 2023 ஜூலை 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. சான் குவென்டினில் சிறைக்குள்ளேயே நடக்கும் மவுன்ட் டமால்பைஸ் கல்லூரிக்கு 2022-ல் தனி அங்கீகாரமும் கிடைத்தது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்: உள்ளே படித்தவர்கள் திரும்பச் சிறைக்கு வருவது 43 சதவீதம் குறைவு என்று. நீங்கள் கணக்கு டீச்சர், ஆகவே கவனியுங்கள். அந்த 43 'ஆட்ஸ்' கணக்கு, அதாவது திரும்ப வருவதற்கும் வராததற்கும் உள்ள விகிதம். வாய்ப்பாகச் சொன்னால் 13 சதவீதப் புள்ளிகள் குறைவு. அதோடு, படிக்க வருகிறவன் ஏற்கெனவே திருந்த நினைத்தவனாக இருக்கலாமே என்ற கேள்வியும் இருக்கிறது. இதை நான் சொல்லும் முன்பே என் வகுப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இனி காசு விஷயம். பார்ட் டைம் ஆசிரியரை இங்கே அட்ஜங்க்ட் என்பார்கள். வகுப்பறையில் நிற்கிற நேரத்துக்குத்தான் காசு. எனக்கு முதலில் கிடைத்தது மூன்று யூனிட் (கிரெடிட்) பாடம் ஒன்றுக்கு, ஒரு செமஸ்டருக்கு, 5,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. சிறை வாசலில் காத்துக்கிடக்கும் நேரத்துக்கு எதுவும் இல்லை. எங்கள் சென்ட்ரல் வேலி பள்ளத்தாக்கில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இறங்கினால் எதிரே வருகிற லாரி தெரியாது. 99-ம் நெடுஞ்சாலையில் தவழ்ந்து போய்ச் சேர்ந்தால், உள்ளேயும் பனி விலகும்வரை கைதிகளை வெளியே விட மாட்டார்கள், கோபுரத்தில் இருப்பவருக்குக் கண் தெரிய வேண்டுமே. ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்து, கடைசியில் கிடைத்தது இருபதே நிமிடம். மாணவர்கள் வந்து, உட்காரக்கூட இல்லை, நின்றபடியே க்விஸ் எழுதினார்கள். இது போதாதென்று தலைகளை எண்ணும் நேரம், லாக்டவுன். 2020-ல் கோவிட் வந்தபோது எல்லாம் காகிதக் கட்டுகளாகிவிட்டது: நான் எழுதி அனுப்ப, அவர்கள் எழுதி அனுப்ப, நடுவில் மூன்று வாரம்.

ஒரே கல்லூரி மாவட்டத்தில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில், முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் அட்ஜங்க்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இந்த மாநிலச் சட்டம். அதனால் இரண்டு மூன்று மாவட்டங்களில் ஒட்டுப்போட்டுத்தான் பிழைக்க வேண்டும். எங்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. வகுப்பில் ஆள் சேரவில்லை என்றால் தொடங்குவதற்கு முந்தின வாரம்கூட ரத்து ஆகும். ஒரு வருடம் அப்படி ஒரு கல்லூரி என் இரண்டு வகுப்புகளையும் ஒரே மின்னஞ்சலில் எடுத்துவிட்டது. அந்த வாடகையை வீட்டுக்காரர் சம்பளம்தான் கட்டியது. வெட்கப்படாமல் சொல்கிறேன், இரண்டாவது சம்பளம் ஒன்று வீட்டில் இல்லாமல் இந்த வேலையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். செமஸ்டருக்கும் செமஸ்டருக்கும் நடுவே வேலையின்மைப் படி கேட்கலாம் என்பதுகூட எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1989-ல் செர்விசி என்ற வழக்கில் வந்த தீர்ப்பு அது. அடுத்த செமஸ்டரில் ஆள் சேர்ந்தால்தான் வகுப்பு என்பதை உறுதியான வேலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். விசாவில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டுவிட்டு இதில் கை வையுங்கள்.

என் படிப்பு கல்வித் துறையில் இ.டி.டி. என்ற டாக்டரேட். வேலை பார்க்கிறவர்களுக்கென்றே மாநிலப் பல்கலைக்கழகங்கள் நடத்துவது, மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு. பாதி ஆய்வேட்டைச் சிறையின் பார்க்கிங்கில் காருக்குள் எழுதினேன். எச்-4-ல் இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், வேலை அனுமதி தேவையில்லை. மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் நமக்குக் கிடையாது. ஆனால் இந்த மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து, அதற்கான தாள்களைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம், கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர்தான். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. என் மாணவர் ஒருவர் "மேடம், உங்கள் ஃபீஸை யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டார். "உங்களுக்குப் பாடம் எடுத்த காசில் நானே கட்டுகிறேன்" என்றேன். "எங்களுக்கு இலவசம், உங்களுக்குக் கட்டணமா?" என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் வேலை அனுமதி. எச்-4-க்கு ஈ.ஏ.டி. அட்டை கொடுக்கும் விதி 2015 மே 26-ல்தான் வந்தது, பொதுவாக உங்கள் வீட்டுக்காரருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். நான் 2011-ல் வந்து நான்கு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அந்தக் கடுப்பில்தான் கம்யூனிட்டி காலேஜில் போய் மாணவியாகச் சேர்ந்தேன், அங்கேதான் இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்தது. அட்டை வரும்வரை, மற்றவர் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையை "சும்மாதானே செய்கிறேன்" என்றுகூடச் செய்ய வேண்டாம்.

சான்றிதழ் வேலையை இன்றே தொடங்குங்கள். கணக்கில் முதுகலைப் பட்டம் இருந்தால் இங்கே அடிப்படைத் தகுதி உண்டு, எம்.ஃபில்லை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்தே டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். நம் மூன்று வருட இளங்கலையும் இரண்டு வருட முதுகலையும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில் சில இடங்களில் சந்தேகம் கிளப்புவார்கள், மதிப்பீட்டு அறிக்கை தெளிவாக இருந்தால் பிரச்சினை இல்லை. பழைய கல்லூரி உங்கள் ஒரிஜினல்களைப் பிடித்து வைத்திருக்கிறதா? என்னுடையதை வைத்திருந்தார்கள். அப்பா நான்கு முறை நடந்தார்.

விண்ணப்பிக்கும்போது நேராக ஜெயில் என்று தேடாதீர்கள். கணிதத் துறைக்கு அட்ஜங்க்டாகப் போட்டு, வெளி கேம்பஸில் ஒரு செமஸ்டர் எடுத்துவிட்டு, பிறகு துறைத் தலைவரிடம் சிறை வகுப்புக்கு விருப்பம் சொல்லுங்கள். அந்தத் தூரம் ஓட்ட ஆள் கிடைக்காமல் பெரும்பாலும் அவர்களே தேடிக்கொண்டிருப்பார்கள். டி.பி. பரிசோதனை, லைவ் ஸ்கேன் கைரேகை, சிறையின் தனி அனுமதி எல்லாம் சேர்ந்து எனக்கு ஏழு வாரம் ஆனது.

ஒத்துவருமா என்று கேட்டதற்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புளியங்கொட்டைக் கேள்வி கேட்டவர் பதினொன்றாவது வாரம் வரவில்லை. வருகைத்தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், நான் அவருக்கு எழுதவும் கூடாது. திருத்திய தாள் 94 மார்க்கோடு என் பிளாஸ்டிக் பையில் இருந்தது. இப்போதும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு மூன்று பேர் பாதியில் போவார்கள், மறு வாரமே மற்றவர்களுக்கு அடுத்த பாடத்தை நீங்கள் தொடங்கியாக வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரின் ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட்டீர்களா, எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஊர் தெரிந்தால் எந்த மாவட்டக் கல்லூரியில் முதலில் போடலாம் என்று சொல்லிவிடுவேன்.