பிலிமோரா மனை: புல்லட் ரயிலை நம்பி 18 லட்சம் போடலாமா?

கேள்வி: வாபியில் வேலை பார்க்கிறேன். குஜராத்தின் பிலிமோராவில் வரவிருக்கும் மும்பை-அகமதாபாத் புல்லட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1,000 சதுர அடி மனை 18 லட்சத்துக்கு வருகிறது. இப்போதைக்கு விவசாய நிலம்தான். ரயில் ஓடினால் விலை மூன்று மடங்காகும் என்கிறார் தரகர். சேமிப்பு முழுவதையும் போடலாமா?

பதில்: வேண்டாம். குஜராத்தில் விவசாயி அல்லாதவருக்கு விவசாய நிலத்தை விற்பதைக் குத்தகைச் சட்டத்தின் 63-வது பிரிவு தடுக்கிறது. விவசாயம் சாராத பயன்பாட்டுக்கான 'என்.ஏ.' உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். நில உரிமைப் பதிவேடான 7/12 நகலில் 'நவி ஷரத்' (விற்கக் கட்டுப்பாடு உள்ள நிலம்) என்று இருந்தால் கலெக்டர் அனுமதியும், அரசுக்குக் கட்டும் பிரீமியமும் தேவை. அந்தச் செலவு யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பலர் கேட்காமல் விடுவது டி.பி. ஸ்கீம், அதாவது டவுன் பிளானிங் எனும் நகரமைப்புத் திட்டம். குஜராத்தில் புதிதாக வளரும் பகுதிகளில் சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் எடுப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். எல்லோர் நிலத்தையும் ஒன்றாக்கி, 40 சதவீதம் வரை கழித்து, மீதியை 'இறுதி மனை'யாகத் தருவார்கள். அது அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. மேம்பாட்டுக் கட்டணமும் உண்டு. உங்கள் 1,000 சதுர அடி 600 ஆனால், சதுர அடிக்கு நீங்கள் கொடுத்தது 1,800 ரூபாய் அல்ல, 3,000. சொல்லும் பரப்பு கழிவுக்கு முன்பா பின்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று மடங்கு என்பதை நான் நம்பவில்லை. நிலையம் வருவது ஊருக்கு வெளியே, கேசலி கிராமத்தில். 508 கி.மீ. பாதையை 2 மணி 7 நிமிடத்தில் கடக்கும் வேக வண்டிகள் பெரிய நகரங்களில் மட்டுமே நிற்கும் என்பது திட்டம். எல்லா நிலையத்திலும் நிற்பவைக்கு 2 மணி 58 நிமிடம். பிரான்சில் ஓட்-பிக்கார்டி நிலையத்தை இரண்டு ஊர்களுக்கு நடுவே வயலில் கட்டினார்கள். சுற்றிலும் நகரம் எழவில்லை. ஸ்பெயினின் சியுதாத் ரியாலில் நிலையம் ஊரை ஒட்டியே இருந்தது, மாட்ரிட் ஒரு மணி நேரத்துக்குள்; அங்கே தினமும் வேலைக்குப் போய்வருபவர்கள் பெருகினார்கள். ஆகவே ஊரிலிருந்து கேசலிக்குப் பேருந்தும் அகலமான சாலையும் வருமா என்று விசாரியுங்கள்.

முத்திரைத் தீர்வை 4.9, பதிவுக் கட்டணம் 1 சதவீதம் சேர்த்தால் அடக்கம் 19.06 லட்சம். அதே பணம் வரி போக ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 10 ஆண்டில் சுமார் 37.5 லட்சம். மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் கட்டிய பிறகு அது கையில் நிற்க, மனை 40 லட்சத்துக்கு விற்க வேண்டும்.

என்.ஏ. உத்தரவும் இறுதி மனை எண்ணும் உள்ள சிறிய மனை கிடைத்தால், சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை போடலாம். வீட்டுப் பெண் பெயரில் மட்டும் பதிந்தால் பதிவுக் கட்டணமான அந்த 1 சதவீதம் மிச்சம்.