கல்லாவில் சேரும் படம் போட்ட 2 யூரோ நாணயங்களை எப்படிச் சேர்ப்பது? இணையத்தில் சொல்லும் விலை உண்மையா?

கேள்வி இதுதான்: பாரீசில் கடை நடத்துகிறீர்கள், கல்லாவில் விதவிதமான படம் போட்ட 2 யூரோ நாணயங்கள் விழுகின்றன. எதை எடுத்து வைப்பது, எதற்கு விலை உண்டு, ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினால் அவருக்குப் பயன்படுமா?

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் விழும் நினைவு நாணயங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல் 2 யூரோ மட்டுமே பெறும். அதனால் சேர்க்கக் கூடாது என்று பொருளில்லை. 2 யூரோ கொடுத்து 2 யூரோவை எடுத்து வைக்கிறீர்கள், சலித்துப் போனால் அதையே செலவழிக்கலாம். கைப்பணம் நஷ்டமாகாமல் தொடங்கக்கூடிய சேகரிப்பு வேறு அதிகம் இல்லை. நஷ்டம் வருவது நாணயம் விற்கும் கடையில் காசு கொடுத்து வாங்கத் தொடங்கும்போதுதான்.

எது நினைவு நாணயம்? ஐரோப்பிய வரைபடமும் பெரிய 2 என்ற எண்ணும் உள்ள பொதுப் பக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று. மறுபக்கம்தான் தேசியப் பக்கம். வழக்கமான நாணயத்தில் ஜெர்மனிக்குக் கழுகு, பிரான்சுக்கு மரம், இத்தாலிக்குத் தாந்தே என்று நிலையான படம் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நிகழ்வு, ஆள், கட்டடம் இருந்தால் அது நினைவு நாணயம். மன்னரோ போப்போ மாறியதால் முகம் மாறியிருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. பொதுப் பக்கத்தின் வரைபடம் 2007-இல் மாறியது. அதற்கு முந்தியதில் ஒவ்வொரு நாடும் தனித்தனியே பிரிந்து தெரியும், பிந்தியதில் எல்லைக்கோடு இல்லாத ஐரோப்பா. இது பிறகு ஓரிடத்தில் உதவும்.

தொடக்கம் 2004. ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்காகக் கிரேக்கம் வட்டு எறியும் வீரனைப் போட்டு வெளியிட்டதுதான் முதல் நாணயம். அதே ஆண்டில் பின்லாந்து, இத்தாலி, லக்சம்பர்க், சான் மரினோ, வத்திக்கான் என மொத்தம் ஆறு நாடுகள். அப்போது ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான் அனுமதி. 2012-இல் விதி மாறி இரண்டானது. எல்லா நாடுகளும் சேர்ந்து வெளியிடும் கூட்டு வெளியீடு இதற்கு மேல். இப்போது மொத்த வகைகள் 500-ஐத் தாண்டிவிட்டன. ‘எல்லாவற்றையும் சேர்ப்பேன்’ என்று இறங்குகிறவர்கள் பாதியில் விடுவது இதனால்தான்.

எனவே ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில் புதியவருக்கு ஏற்றது கூட்டு வெளியீடுகள். இதுவரை ஐந்து: ரோம் உடன்படிக்கையின் 50-ஆம் ஆண்டு (2007, 13 நாடுகள்), பொருளாதார, நாணய ஒன்றியத்தின் பத்தாண்டு (2009, 16 நாடுகள்), யூரோ ரொக்கத்தின் பத்தாண்டு (2012, 17 நாடுகள்), ஐரோப்பியக் கொடியின் 30-ஆம் ஆண்டு (2015, 19 நாடுகள்), எராஸ்மஸ் கல்வித் திட்டத்தின் 35-ஆம் ஆண்டு (2022, 19 நாடுகள்). மொத்தம் 84. படம் ஒன்றே, நாட்டின் பெயரும் மொழியும்தான் மாறும். ஒரே படத்தைப் பத்தொன்பது முறை பார்ப்பது சலிப்பு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வித்தியாசங்களைத் தேடிப் பார்க்கும் கண் பழகுவது இங்கேதான். லக்சம்பர்க் நாணயங்களில் நாட்டை ஆளும் பெருங்கோமகனின் உருவம் இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். பொதுப் படத்தில் அதற்கு இடமில்லாததால் 2007 நாணயத்தில் அவர் முகத்தை மறைபிம்பமாக வைத்தார்கள், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஸ்பெயினின் 2009 நாணயத்தில் வெளிவளைய நட்சத்திரங்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும் ஒரு வகை உண்டு. அது குறைவு, பயன்படுத்திய நிலையிலும் விலை பெறும். அதனால் 2009 ஸ்பெயின் எது கிடைத்தாலும் நட்சத்திரத்தைப் பாருங்கள்.

இன்னொரு நல்ல வட்டம் ஜெர்மனியின் மாநில வரிசை. 2006-இல் ஷ்லேஸ்விக்-ஹோல்ஷ்டைனுக்காக லூபெக் நகர வாயிலில் தொடங்கி, கொலோன் பேராலயம் (2011), நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை (2012) வழியாக 2022-இல் துரிங்கியாவின் வார்ட்பர்க் கோட்டையில் முடிந்தது. 2023-இல் ஹாம்பர்க்கின் எல்ப்பில்ஹார்மோனி இசையரங்குடன் அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது. கோடிக்கணக்கில் அச்சடித்தவை, பிரான்சிலும் தாராளமாகப் புழங்குபவை. ஆனால் ஜெர்மனியில் ஐந்து நாணயச்சாலைகள், எங்கே அடித்தது என்பதை நாணயத்தில் ஓர் எழுத்து காட்டும்: A பெர்லின், D மியூனிக், F ஷ்டுட்கார்ட், G கார்ல்ஸ்ரூ, J ஹாம்பர்க். ஒவ்வொரு படமும் ஐந்து எழுத்தில் வரும். ஐந்தும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் ஆல்பம் வாங்கும்போது குழம்பும். ஐந்தில் குறைவாக அடிப்பது கார்ல்ஸ்ரூ, ஏறத்தாழ 14 விழுக்காடு. எனவே G தென்பட்டால் விட வேண்டாம். பழைய வரைபடம் உதவும் என்று சொன்ன இடம் இது: 2008 ஹாம்பர்க் மிகாவேல் தேவாலய நாணயம், F எழுத்துள்ளவற்றில் கொஞ்சம் தவறுதலாக 2007-க்கு முந்திய வரைபட அச்சில் அடிக்கப்பட்டன. எல்லை பிரிந்த வரைபடத்தோடு 2008 F கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ஸ்பெயினின் உலக மரபிட வரிசை (2010 முதல், கோர்தோபாவில் தொடக்கம்), மால்ட்டாவின் வரலாற்றுக்கு முந்திய கோயில்கள் (2016 முதல் 2022 வரை ஏழு) ஆகியவையும் அழகான வரிசைகள். மால்ட்டா சில்லறையில் அதிகம் வராது.

இனி விலை. விலையைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை அடித்தார்கள், எந்த நிலையில் இருக்கிறது. வயது அநேகமாகக் கணக்கே இல்லை. 2004 கிரேக்க ஒலிம்பிக் நாணயம் மூன்று கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது, முதல் நாணயமாக இருந்தும் புழங்கிய நிலையில் 2 யூரோதான். அதே 2004-இல் ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கத்துக்காகப் பின்லாந்து அடித்தது பத்து லட்சம்தான், நல்ல நிலையில் பல மடங்கு பெறும். குட்டி நாடுகள்தான் உச்சம். மொனாக்கோ 2007-இல் இளவரசி கிரேஸின் 25-ஆம் நினைவாண்டுக்கு வெளியிட்டது 20,001 மட்டுமே; இன்று ஆயிரம் யூரோவுக்கு வெகு மேலே. 2015 மொனாக்கோ கோட்டை நாணயம் 10,000. ஆனால் அதே மொனாக்கோ 2013-இல் ஐ.நா. உறுப்புரிமைக்காக அடித்தது பத்து லட்சத்துக்கும் மேல். அது சில்லறையிலும் வரும், சில யூரோதான் பெறும். ‘மொனாக்கோ என்றால் புதையல்’ என்று விளம்பரம் போட்டு விற்பவர்கள் பெரும்பாலும் இந்த 2013-ஐத்தான் விற்கிறார்கள்.

நிலை என்பது நான்கு படி. கல்லாவில் வருவது புழங்கியது. வங்கிச் சுருளைப் பிரித்து நேராக எடுத்தது புழங்காதது, 25 நாணயம் கொண்ட ஒரு சுருள் 50 யூரோ. சேகரிப்பவர்களுக்காகத் தனிக் கவனத்தோடு அடித்து அட்டையில் வைத்து விற்பது பி.யு. கண்ணாடிப் பின்னணியில் உருவம் மட்டும் பனிபூத்தது போலத் தெரிவது புரூஃப். புழங்காதது என்று சொல்லி விற்பதில் தேய்மானம் தெரிந்தால் விலை பாதியாகும். உருவத்தின் மேடான இடங்களை, மூக்கு, காது, கோபுர நுனி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சுருளில் இருந்து வந்ததிலும் ஒன்றோடொன்று மோதிய சிறு கீறல் இருக்கும், அது குறையல்ல.

‘இந்த நாணயம் வைத்திருந்தால் 80,000 யூரோ’ வகைக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் 2002 கிரேக்க நாணயத்தின் நட்சத்திரத்துக்குள் இருக்கும் S எழுத்தைக் காட்டும். யூரோ தொடங்கும்போது கிரேக்கத்துக்குத் தேவையானதில் ஒரு பகுதியைப் பின்லாந்தில் அடித்தார்கள், அதன் அடையாளம் அந்த S. கோடிக்கணக்கில் இருக்கிறது. விளிம்பு எழுத்து தலைகீழாக இருக்கிறது என்பதும் இப்படித்தான்: புழக்க நாணயங்களில் விளிம்பை முதலில் பொறித்து, பிறகு எந்தப் பக்கம் மேலே விழுகிறதோ அப்படியே முகத்தை அடிக்கிறார்கள். பாதிக்குப் பாதி இரண்டு விதமும் வரும். விலை அறிய வேண்டுமானால் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டி, உண்மையில் கைமாறிய தொகையைப் பாருங்கள். எத்தனை அடித்தார்கள் என்பது ஐரோப்பிய மத்திய வங்கியின் தளத்தில் ஆண்டு வாரியாகப் படத்தோடு இலவசமாக இருக்கிறது.

போலிகளைப் பிடிக்க ஒரு காந்தமும், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசும் போதும். நல்ல 2 யூரோ 8.50 கிராம், விட்டம் 25.75 மில்லிமீட்டர், தடிப்பு 2.20 மில்லிமீட்டர். வெளிவளையம் செம்பு-நிக்கல், காந்தம் ஒட்டாது. நடுவட்டம் மூன்று அடுக்கு: இரு பக்கமும் நிக்கல் பித்தளை, நடுவே நிக்கல். அந்த நடு அடுக்கால் காந்தம் லேசாகப் பிடித்து, சின்னக் குலுக்கலில் விழுந்துவிடும். சுத்தமாக ஒட்டவில்லை, அல்லது இரும்பு போல் இறுக்கிப் பிடிக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். விளிம்பையும் படியுங்கள். ஜெர்மன் நாணயத்தில் ‘ஒற்றுமை, நீதி, விடுதலை’ என்ற வரி ஜெர்மன் மொழியில் ஓடும், மற்ற நாட்டு விளிம்பு அதில் இருக்க வழியில்லை. கிரேஸ் நாணயத்துக்குப் போலிகள் நிறைய, அசல் பெட்டியும் சான்றிதழும் இல்லாமல் தனி நாணயமாக ‘மலிவாக’ வந்தால் தொடவே வேண்டாம். கடைக்காரர் என்பதால் கூடுதலாக ஒன்று: தாய்லாந்தின் 10 பாட் நாணயம் அளவிலும் எடையிலும் 2 யூரோவுக்கு மிக அருகில் இருக்கும். அவசரத்தில் கல்லாவுக்குள் வந்துவிடும்.

வண்ணம் பூசிய நாணயங்களை வாங்காதீர்கள். அநேகமாக எல்லாம் தனியார் கைவேலை. சாதாரணப் புழக்க நாணயத்தில் வர்ணம் ஒட்டி நான்கு மடங்கு விலை வைக்கிறார்கள். சேகரிப்பவர்கள் அதைப் பழுதான நாணயமாகத்தான் எண்ணுவார்கள்.

ஆல்பத்தில் வராத இன்னொரு வகையும் உண்டு. 2015-இல் வாட்டர்லூ போரின் 200-ஆம் ஆண்டுக்கு 2 யூரோ வெளியிடப் பெல்ஜியம் தயாரானது. வடிவமைப்பை எதிர்க்க மற்ற நாடுகளுக்கு உரிமை உண்டு. அந்தப் போரில் தோற்ற பிரான்ஸ் எதிர்த்தது. பெல்ஜியம் அந்த 2 யூரோவைக் கைவிட்டு, யாரிடமும் கேட்கத் தேவையில்லாத 2.50 யூரோ என்ற விசித்திர மதிப்பில் அதே போரை அடித்தது. குறும்பு அழகுதான், ஆனால் அது பெல்ஜியத்துக்குள் மட்டுமே செல்லும். வெள்ளி 10 யூரோ, 20 யூரோ போன்ற சேகரிப்பு நாணயங்களும் அப்படியே, வெளியிட்ட நாட்டில் மட்டும் செல்லுபடியாகும். 2 யூரோ நினைவு நாணயமோ யூரோ புழங்கும் எந்த நாட்டிலும் செல்லும்.

எடுத்து வைத்ததைக் கெடுப்பது பெரும்பாலும் சேகரிப்பவரின் கைதான். பற்பசை, எலுமிச்சை, புளி, பித்தளை மெருகு எதுவும் வேண்டாம். பளபளப்பு கூடும், ஆனால் மேற்பரப்பின் இயல்பான மினுக்கம் போய்விடும், திரும்ப வராது. அழுக்கு பிசுபிசுப்பாக இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நிறம் சேர்த்த நகப்பூச்சு நீக்கி ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு அருகில் வேண்டாம். பிடிக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், விரல் ரேகையின் வியர்வை சில மாதங்களில் பழுப்புக் கோடாகப் பதிந்துவிடும்.

உறையில் பி.வி.சி என்ற பிளாஸ்டிக் இருக்கக்கூடாது. மலிவான மென்மையான உறைகளில் அது இருக்கும், புதிதாகத் திறந்ததும் மழைக்கோட்டு போல் நாற்றம் வரும். காலப்போக்கில் அதிலிருந்து கசியும் அமிலம் செம்பைத் தின்று, நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்காகத் தெரியும். விலையுள்ளதற்கு 26 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கூடு, மற்றதற்கு நல்ல ஆல்பத் தாள். அட்டைச் சட்டத்தில் வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் அந்தப் பின்னின் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்து நாணயத்தைக் கீறும்.

பிரான்சில் புதிய வெளியீடுகளைப் பாரீஸ் நாணயச்சாலையிடமிருந்து வாங்கலாம், ஆனால் அட்டையில் வைத்து முகமதிப்புக்கு மேல்தான் தருவார்கள். ஜெர்மனியில் இருக்கும் உறவினரைக் கேட்டால் பணமே மிச்சம். அந்நாட்டு மத்திய வங்கியின் கிளைகளில் புதிய நினைவு நாணயங்கள் முகமதிப்புக்கே கிடைக்கும். வெளியான முதல் வாரங்களில் போகச் சொல்லுங்கள், பிறகு தீர்ந்துவிடும். சுருளில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடையில் சில்லறையாகக் கொடுத்துவிடலாம்.

தம்பிக்கு அனுப்புவது பற்றி: சேகரிப்பாக அனுப்பினால் நல்ல பரிசு. பணமாக எண்ணி அனுப்பாதீர்கள். இந்தியாவில் பணமாற்றுக் கடைகள் வெளிநாட்டுத் தாளைத்தான் வாங்கும், நாணயத்தை வாங்காது. ஊரில் நாணயம் விற்பவர்கள் சொல்லும் விலைக்கு அவர் வாங்கவும் வேண்டாம். சாதாரண ஜெர்மன் மாநில நாணயத்தை ‘அரிது’ என்று பல மடங்கு விலையில் விற்பது அங்கே சாதாரணம். உங்கள் கல்லாவிலிருந்து அதை எடுத்தால் 2 யூரோ.