ஊரடங்கு முடிந்த பிறகும் இளையோரின் மனப்பதற்றம் ஏன் நீடித்தது?

கண்முன்னே ஆபத்து இல்லாதபோதும் மனமும் உடம்பும் அதற்குத் தயாராகவே இருப்பதுதான் மனப்பதற்றம். நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, ஆட்களைப் பார்க்கவே தயக்கமாக இருக்கும்.

கோவிட் பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. இளையோரும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

இளையோர் ஏன்? பெற்றோரைவிட நண்பர்கள் முக்கியமாகிவிடும் வயது அது. சண்டை போட்டு, சமாதானமாகி, நாலு பேர் முன்னால் தப்பாகப் பேசி, அப்புறம் அதைச் சமாளித்துத்தான் மனிதர்களோடு பழகக் கற்கிறோம். அந்தப் பயிற்சியே நின்றுபோனது. ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு வெறும் பெயராக உட்கார்ந்திருந்த மாணவி, பள்ளி திறந்ததும் எழுந்து பதில் சொல்லவேண்டும். பதில் தெரியும், குரல்தான் வரவில்லை. பயந்து ஒதுங்கினால் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகிவிடும்.

எலும்பு முறிந்த காலில் மாவுக்கட்டைப் பிரித்தவுடன் ஓடமுடியுமா? எலும்பு கூடியிருக்கும், தசை மெலிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடந்துதான் பழகவேண்டும். இதுவும் அப்படித்தான். தினம் ஒரே நேரத்தில் தூங்குவதும் ஒரு நண்பரையாவது நேரில் பார்ப்பதும் நல்ல தொடக்கம்.

பலர் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். அது தவறு, வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டிய உடல்நலப் பிரச்சினை இது.